வேதாளம் மரமேறாத இரவு

“வேதாளம் மறுபடியும் முருங்கை மரத்தில் ஏறிவிட்டது” என்று சொல்லாத தமிழ் வீடு இல்லை. தவக்காலத்தில் குடியை விட்டவர் பாஸ்கா விழா கழிந்ததும் பழைய இடத்துக்கே போனால் அப்படிச் சொல்கிறோம். கைகுலுக்கிப் பிரிந்த பங்காளிகள் மறு மழைக்கு வரப்புத் தகராறில் இறங்கினாலும் அப்படியே சொல்கிறோம். மனித முயற்சியின் மீது நமக்குள்ள சலிப்பு முழுவதும் அந்த ஒரு சொற்றொடரில் அடங்கிக் கிடக்கிறது. ஆனால் அச்சொற்றொடரைப் பிறப்பித்த கதையில் வேதாளம் மரமேறாத ஓர் இரவும் உண்டு. அதுவே கதையின் கடைசி இரவு. தொடக்கத்தை அறிந்தவர் பல்லாயிரம். முடிவை அறிந்தவர் சிலரே.

மாயமும் மந்திரமும் நிறைந்த வெகுஜனக் கதைகளின் இறுதி அத்தியாயங்களில் ஆழ்ந்த பொருள் ஏதேனும் உண்டா? உண்டெனில், அதைக் கிறிஸ்தவ நம்பிக்கையின் ஒளியில் வாசிப்பது நேர்மையான செயலா, அல்லது நம் பையிலிருந்து எடுத்த காசை அடுத்தவர் வயலில் புதைத்துவிட்டுப் புதையல் கண்டோம் என்று கூவும் செயலா? இக்கேள்வி வெறும் இலக்கிய விசாரணை அன்று. எதை நம்பி வாழ்கிறோம், ஒரு வாழ்வு எப்படி முடிந்தால் அதை நன்றாக முடிந்தது என்போம் என்னும் பெரிய கேள்வி இதற்குள் மறைந்திருக்கிறது.

கதை நடந்து வந்த வழி

வேதாளக் கதைகள் மிகப் பழையவை. பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் வடமொழியில் தொகுத்த ‘கதாசரித்சாகரம்’ என்னும் பெருங்கதைக் கடலில் அவை இடம்பெற்றுள்ளன. அங்கே அரசனின் பெயர் திரிவிக்கிரமசேனன். பின்னர் அவன் விக்கிரமாதித்தனாக உருமாறி, இந்திய மொழிகள் பலவற்றிலும் குடியேறினான். வடமொழிக் கதையில் வேதாளம் தொங்கிய மரம் சிஞ்சுபம். தமிழ்நாட்டுக்கு வந்ததும் அது நம் கொல்லைப்புறத்து முருங்கையாயிற்று. திண்ணைகளில் உரக்க வாசிக்கப்பட்ட பெரிய எழுத்துப் புத்தகங்கள் அவனைச் சிற்றூர்தோறும் கொண்டு சேர்த்தன.

கத்தோலிக்கராகிய நமக்கு இதில் ஒரு சிறு தொடர்பும் உண்டு. தமிழ் வேதாளக் கதையை ஆங்கிலத்தில் பெயர்த்து 1831-இல் வெளியிட்டவர் பெஞ்சமின் கை பாபிங்டன். அவரே அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1822-இல், நம் வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குரு கதை’யை இலண்டனில் அச்சேற்றினார். இயேசு சபைத் துறவி ஒருவரின் நகைச்சுவைக் கதையும் சுடுகாட்டு வேதாளத்தின் கதையும் ஒரே மனிதரின் கைவழியே மேலைநாட்டுக்குப் பயணம் போயிருக்கின்றன. மறையுரைக்கும் காப்பியத்துக்கும் எழுதுகோல் பிடித்த கை, சிரிப்புக் கதையையும் இழிவாக எண்ணவில்லை என்பது நினைவில் நிற்கத்தக்கது.

இன்று நடுவயதைக் கடந்தவர்கள் வேதாளத்தைச் சந்தித்தது ‘அம்புலிமாமா’வில்தான். 1947 ஜூலையில் சென்னையில் நாகி ரெட்டி, சக்கரபாணி ஆகியோரின் முயற்சியால் பிறந்த அந்தக் குடும்பத்தின் தமிழ் இதழ், பல பத்தாண்டுகள் நம் பிள்ளைகளின் கையில் தவழ்ந்தது. 1952-இல் அங்குச் சேர்ந்த ஓவியர் சங்கர் என்னும் கே. சி. சிவசங்கர் தீட்டிய படம் கண்ணை விட்டு அகலாது: தோளில் பிணம், கையில் வாள், சுற்றிலும் இருள், நடுவே தளராது நடக்கும் அரசன். அந்த ஓவியர் 2020-இல் மறைந்தார். இதழும் நின்றுபோயிற்று.

அத்தொடரின் இயல்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மாதந்தோறும் அரசன் மரத்திலிருந்து உடலை இறக்குவான். வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் தலை வெடித்துச் சிதறும். வாய் திறந்தாலோ வேதாளம் உடலோடு பறந்துபோய் மரத்தில் தொங்கும். மூலக் கதையின் கேள்விகள் தீர்ந்த பிறகும் புதுப்புதுக் கதைகள் புனையப்பட்டன, தொடர் நீண்டது. இரண்டு மூன்று தலைமுறைகள் முடிவில்லாத ஒரு நடையை மட்டுமே பார்த்து வளர்ந்தன. அதனால்தானோ என்னவோ, மரமேறிய வேதாளம் பழமொழியாயிற்று. மரமேறாத வேதாளம் மறக்கப்பட்டது.

கடைசி இரவில் நடந்தது

மறக்கப்பட்ட அம்முடிவை மூலக் கதையின்படி சுருக்கமாகச் சொல்வோம். துறவிக் கோலம் பூண்ட ஒருவன் பல ஆண்டுகளாக நாள்தோறும் அரசனிடம் ஒரு பழத்தைக் காணிக்கையாகக் கொடுத்து வந்தான். அரசன் அதைப் பொருட்படுத்தாமல் கருவூலக்காரனிடம் கொடுத்துவிடுவான். ஒருநாள் ஒரு குரங்கு அப்பழத்தைக் கடித்துப் பிளக்க, உள்ளிருந்து ஒளிமிக்க மணி விழுந்தது. அத்தனை நாளும் பெற்ற பழங்கள் அத்தனையிலும் மணிகள்! இவ்வளவு கொடுத்தவனுக்கு என்ன வேண்டும் என்று அரசன் கேட்டான். மரத்தில் தொங்கும் ஒரு பிணத்தைச் சுடுகாட்டுக்குச் சுமந்துவர வேண்டும் என்றான் துறவி. வாக்குக் கொடுத்த அரசன் நடந்தான்.

இருபத்து மூன்று கேள்விகளுக்கு அரசன் விடை சொன்னான். இருபத்து மூன்று முறை வேதாளம் மரமேறியது. இருபத்து நான்காவது கேள்வி இது. காட்டுவழியே சென்ற ஓர் அரசனும் அவன் மகனும் இரு பெண்களின் காலடித் தடங்களைக் காண்கின்றனர். பெரிய தடத்துக்கு உரியவளைத் தந்தையும் சிறிய தடத்துக்கு உரியவளை மகனும் மணப்பதென உறுதி செய்கின்றனர். போய்ப் பார்த்தால் அவர்கள் தாயும் மகளும். பெரிய தடம் மகளுடையது, சிறிய தடம் தாயுடையது. சொல் பிறழாமல் தந்தை மகளையும் மகன் தாயையும் மணக்கின்றனர். அவ்விருவருக்கும் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு?

அரசன் சிந்தித்தான். விடை தெரியவில்லை. பேசாமல் நடந்தான். வேதாளம் மரமேறவில்லை.

அந்த மௌனத்தில் மகிழ்ந்த வேதாளம் உண்மையை உரைத்தது. அத்துறவி அரசனையே பலியிட்டுப் பெரும் வல்லமை பெற எண்ணியவன். சடங்கின் முடிவில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்கச் சொல்வான். குனிந்த கழுத்தை வெட்டுவான். “எனக்கு வணங்கத் தெரியாது, செய்து காட்டுங்கள்” என்று கேள் என வேதாளம் அறிவுறுத்தியது. அரசன் அவ்வாறே கேட்டான். துறவி விழுந்து காட்டினான். வாள் இறங்கியது. வரம் தர முன்வந்த வேதாளத்திடம், இக்கதைகள் உலகில் என்றும் விளங்க வேண்டும் என்று மட்டுமே அரசன் வேண்டினான்.

இப்படி வாசிப்பது முறையா?

பேயும் மந்திரவாதியும் உலவும் கதை இறைமக்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அக்கேள்வியை எள்ளி நகையாடுவது தகாது. அவிலாவின் புனித தெரேசம்மாள் இளமையில் வீரதீரக் கதைகளில் மூழ்கிக் கிடந்ததையும், அதனால் தம் பக்தி குளிர்ந்துபோனதையும் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மறுபுறம், 1521-இல் காலில் குண்டுக் காயம்பட்டுப் படுத்திருந்த லொயோலா இஞ்ஞாசியார் அதே வகைக் கதைகளைத்தான் கேட்டார். அவை அவ்வீட்டில் கிடைக்காததால் கிறிஸ்துவின் வாழ்வும் புனிதர் வரலாறும் தரப்பட்டன. எனினும், கதைகளில் அவர் கற்ற வீரக் கனவு வீணாகவில்லை. தலைவனுக்காக எல்லாவற்றையும் இழக்கத் துணியும் அந்த நெஞ்சம், தலைவனை மட்டும் மாற்றிக்கொண்டது.

நான்காம் நூற்றாண்டில் புனித பெரிய பசிலியார் கிரேக்க இலக்கியம் கற்கும் இளைஞர்களுக்கு வழங்கிய அறிவுரையில் தேனீயை எடுத்துக்காட்டினார். தேனீ எல்லாப் பூக்களையும் நாடுவதில்லை. நாடிய பூவையும் முழுவதுமாகத் தூக்கிச் செல்வதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட நற்செய்திப் பணி பற்றிய ஏட்டில், மக்களினங்களின் மரபுகளில் மறைந்துகிடக்கும் இறைவார்த்தையின் விதைகளை மகிழ்வோடும் மதிப்போடும் கண்டறியுமாறு பணித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலையில் எழுதிய மடல் ஒன்றில், மனித உருவாக்கத்தில் கதைக்கும் கவிதைக்கும் உள்ள இடத்தை விரிவாக எடுத்துரைத்தார். ஆகவே, வாசிக்கலாமா என்ற கேள்விக்குத் திருச்சபை விடை அளித்துவிட்டது. எப்படி வாசிப்பது என்பதே நம் கேள்வி.

இங்கே புனித தோமா அக்குவினார் நமக்கு ஓர் எச்சரிக்கை தருகிறார். விவிலியத்தில் சொற்கள் மட்டுமன்றிச் சொற்கள் குறிக்கும் நிகழ்ச்சிகளும் பொருள் உணர்த்துகின்றன. செங்கடலைக் கடந்தது திருமுழுக்கைக் குறிக்கிறது. நிகழ்ச்சிகளுக்கு அத்தகைய பொருளை ஏற்றவல்லவர் வரலாற்றின் ஆண்டவர் ஒருவரே. மனிதர் புனைந்த கதைக்கு அந்தத் தகுதி கிடையாது. விவிலியத்திலுங்கூட ஆன்மிகப் பொருள் அனைத்தும் நேர்ப்பொருளின்மீதே நிற்க வேண்டும் என்பார் அவர். நேர்ப்பொருளை மிதித்துவிட்டு உட்பொருள் தேடுபவன் அடித்தளத்தைத் தோண்டிவிட்டு மாடி கட்டுபவன்.

எனவே விக்கிரமன் கிறிஸ்து, வேதாளம் பாவம், முருங்கை மரம் ஏதேன் தோட்டத்து மரம் என்று ஒட்டுச்சீட்டு ஒட்டிக்கொண்டே போவது வாசிப்பு ஆகாது. அப்படி ஒட்டினால் கதையும் கெடும், மறையும் மலிவாகும். அப்படியானால் கதையில் நாம் காண்பது என்ன? கடவுள் தம்மை வெளிப்படுத்துவது இறைவெளிப்பாடு. மனிதன் தன் ஏக்கத்தை வெளிப்படுத்துவது கதை. நெடுங்காலம் பலர் வாயில் உருண்டு தேறிய ஒரு கதையின் முடிவு, அம்மக்கள் எதை விடுதலை என்று கனவு கண்டனர் என்பதைக் காட்டும். நற்செய்தி அந்த ஏக்கத்துக்கு விடையளிக்கிறது. சில வேளைகளில் அந்த ஏக்கத்தையே திருத்துகிறது. ஒப்புமையைக் காண்பது பாதி வேலை. ஒவ்வாமையைக் காண்பதும் சேர்ந்தால்தான் வாசிப்பு முழுமை பெறும்.

மௌனம் என்னும் விடை

முதலில் அரசனின் மௌனத்தை எடுத்துக்கொள்வோம். அவனைத் தடுத்து நிறுத்தியது சோம்பலோ அச்சமோ அன்று. அவனுடைய அறிவே ஒவ்வொரு முறையும் அவனைத் தொடங்கிய இடத்துக்கு அனுப்பியது. சரியான விடை சொல்லச் சொல்ல, சுமை கைநழுவியது. விடை தெரியாத இரவில்தான் சுமை தோளில் தங்கியது, பயணம் முடிந்தது.

இதனை அறிவுக்கு எதிரான பாடமாகக் கொள்ளக் கூடாது. தெரிந்தும் பேசாதவனுக்குத் தலை வெடிக்கும் என்பதும் அதே கதையின் விதிதானே! நீதி தெரிந்தவன் அநீதியின் முன் வாய்மூடி நிற்பதை இக்கதை மன்னிப்பதில்லை. அது போற்றுவது வேறொரு மௌனம்: தெரியாததைத் தெரிந்ததாகப் பேசாத மௌனம். நாட்டுக்கு நீதி வழங்கும் ஒருவன், ஊகமாக ஒரு சொல்லை எறிந்து தன் பெருமையைக் காத்துக்கொள்ள எளிதில் முடிந்திருக்கும். அவன் அதைச் செய்யவில்லை.

கேள்வியின் தன்மையும் கவனத்துக்குரியது. தமிழில் உறவுக்குச் சொல் பஞ்சமில்லை. அத்தைக்கும் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. பெயர் தெரியாத வழிப்போக்கரையும் அண்ணே என்றோ தாயே என்றோ அழைத்து உறவாக்கிக்கொள்ளும் மக்கள் நாம். வேதாளத்தின் கடைசிக் கேள்வியோ எந்த உறவுச் சொல்லுக்குள்ளும் அடங்காத பிள்ளைகளைப் பற்றியது. அப்பிள்ளைகள் ஒரு தவறும் செய்யவில்லை. பெரியவர்கள் பாதத் தடத்தைப் பார்த்து முடிவு செய்த அவசரத்தில் பிறந்தவர்கள்.

இத்தகைய பிள்ளைகள் கதையில் மட்டும் இல்லை. ஊர் ஒப்பாத மணத்தில் பிறந்த பிள்ளை, கைவிட்டுப் போன தந்தையின் பெயரைப் பள்ளிப் படிவத்தில் எழுதத் தயங்கும் பிள்ளை, இரண்டு குடும்பங்களுக்கு நடுவே எந்த வீட்டுத் திருமணத்திலும் வரிசை பெறாத பிள்ளை ஆகியோர் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. திருமணம் பற்றித் திருச்சபைக்குத் தெளிவான போதனை இருக்கிறது. அதைச் சொல்லவேண்டிய இடத்தில் சொல்லாதிருப்பது தலை வெடிக்கத்தக்க குற்றம். ஆனால் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் அந்தப் பிள்ளையின் முன், “நீ யாருக்கு என்ன முறை?” என்ற ஊரின் கேள்விக்கு விடை தேடுவது நம் வேலை அன்று. அங்கே மௌனமாக அப்பிள்ளையைத் தோளில் சுமந்து நடப்பதே வேலை.

சாவு வீட்டிலும் இதே சோதனை எதிர்ப்படுகிறது. ஏரியில் குளிக்கப்போன மகன் உடலாகத் திரும்பும்போது, “சாமி, ஏன் இப்படி?” என்று தாய் கேட்கிறாள். இறையியல் கற்றவனின் நாவில் விடைகள் வரிசைகட்டி நிற்கும். இறைத்திட்டம், சோதனை, மறுவாழ்வு ஆகிய எல்லாம் மெய்யானவையே. ஆயினும் அந்த நேரத்தில் அவற்றைச் சொல்லி முடித்ததும், அந்தத் தாயின் துயரம் நம் தோளிலிருந்து பறந்துபோய்த் தன் மரத்தில் தொங்கிக்கொள்ளும். நாம் பேசித் தீர்த்துவிட்டோம். அவள் தனித்து விடப்பட்டாள். யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் அவரோடு தரையில் பேசாமல் அமர்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை அவர்கள் நண்பர்கள். வாய் திறந்து விளக்கம் கூறத் தொடங்கிய பின்னரே கடவுளின் கண்டனத்துக்கு ஆளானார்கள் (42:7). பிலாத்துவின் முன் மறுமொழி கூறாது நின்ற ஆண்டவரையும் நாம் அறிவோம் (யோவா 19:9). எல்லாவற்றையும் அறிந்த அவரே அங்குச் சிலுவையைச் சுமக்க வாயை மூடிக்கொண்டார்.

வணக்கமும் வாளும்

இரண்டாவது அடையாளம் வணக்கம். பல்லாண்டுகள் மணி பொதிந்த பழங்களைக் கொடுத்தவன் இறுதியில் கேட்டது ஒரேயொரு நெடுஞ்சாண்கிடை. உயர்ந்த மலையில் நின்று உலக அரசுகளையெல்லாம் காட்டி, ஒருமுறை விழுந்து வணங்கு என்று கேட்ட குரல் நமக்கு நினைவு வராமல் இருக்காது (மத் 4:8-10). கொடையின் நோக்கம் கொடுக்கும்போது தெரிவதில்லை. குனியச் சொல்லும்போதுதான் தெரிகிறது. தேர்தல் காலத்து உறையும், வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் இனிய வாக்கும், கேட்காமலே கடன் தரும் கரமும் நாள்தோறும் நம் வாசலுக்கு வரும் பழங்களே. “முதலில் நீங்கள் வணங்கிக் காட்டுங்கள்” என்று கேட்கும் துணிவு ஏழைக்கும் வேண்டும். பிறரைக் குனியச் சொல்பவன் தானே குனியத் தயாரா என்பது அதிகாரத்தை உரைத்துப் பார்க்கும் நல்ல உரைகல்.

ஆனால் இங்கேதான் கதை நம்மை விட்டு விலகுகிறது. குனிந்த கழுத்தின்மீது வாள் இறங்குகிறது. கொலைகாரன் தான் வெட்டிய குழியில் தானே விழுவது திருப்பாடல்களும் அறிந்த நீதிதான். கேட்கும்போது நெஞ்சு நிறைவு கொள்கிறது. அந்த நிறைவை ஐயுற வேண்டும். சாத்தானுக்கு வணங்க மறுத்த இயேசு, பின்னர்த் தாமே சீடர்களின் காலடியில் குனிந்தார் (யோவா 13:4-5). கெத்சமனியில் தரையில் விழுந்தார் (மாற் 14:35). வாளை உருவிய சீடரிடம் அதை உறையில் போடச் சொன்னார். மாய மந்திரக் கதையின் அரசன் குனிவதைத் தவிர்த்து உயிர் பிழைத்தான். நம் அரசர் குனிந்து உயிர் கொடுத்தார். இந்த இடத்தில் வேதாளக் கதைக்குத் திருமுழுக்குக் கொடுக்க முயல்பவர் கதைக்கும் உண்மையானவர் அல்லர், நற்செய்திக்கும் உண்மையானவர் அல்லர்.

இன்னொன்றும் உண்டு. அந்தத் துறவிக்காக அழ ஒருவரும் இல்லை. வட தமிழகத்துச் சிற்றூர்களில், நம் சாலவாக்கம், உத்திரமேரூர் வட்டாரத்து மக்களும் நன்கறிந்த திரௌபதி அம்மன் விழாக்களில், பல இரவுகள் நீளும் பாரதக் கூத்து படுகளத்தில் முடிவுறும். துரியோதனனின் பேருருவம் மண்ணால் தரையில் சமைக்கப்பட்டிருக்கும். திரௌபதி சபதம் முடித்துக் கூந்தல் முடிக்கும் அந்தக் களத்திலேயே, வீழ்ந்தவனுக்காக ஒப்பாரி வைக்கும் பெண்ணின் குரலும் எழும். கொடியவனுக்கும் அழ ஒரு தாய் உண்டு என்பதை நம் உழவர் பெருமக்கள் மறக்கவில்லை. வேதாளக் கதை மறந்ததைக் கூத்து நினைவில் வைத்திருக்கிறது. நாட்டு மரபுகளில் விதை தேடுகிறவர் ஒரு வயலோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கு இதுவே சான்று.

கடலுக்கு அப்பால் இரண்டு முடிவுகள்

வாளால் முடியாத முடிவுக்கு எடுத்துக்காட்டாக இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற மாயக்கதை ஒன்றைச் சொல்லலாம். ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஆழ்ந்த கத்தோலிக்கர். பெற்றோரை இழந்த அவரை வளர்த்து ஆளாக்கும் பொறுப்பை ஏற்றவர் பர்மிங்ஹாம் ஒரத்தோரியன் சபையின் குரு பிரான்சிஸ் மார்கன். 1954-55 ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நெடுங்கதையில், தீய மோதிரத்தை எரிமலையில் எறிவதற்காக ஃப்ரோடோ என்னும் சிறியவன் சொல்லொணாத் துன்பங்களைக் கடந்து நடக்கிறான். விளிம்பை அடைந்த நொடியில் அவனால் முடியவில்லை. மோதிரம் தனக்கே என்கிறான். நாயகன் தோற்றுவிடுகிறான்! அப்போது, அந்த மோதிரத்தால் உருக்குலைந்த ஓர் இழிந்த உயிர் அவன் விரலைக் கடித்துப் பறித்து, மகிழ்ச்சியில் தடுமாறி, மோதிரத்தோடு நெருப்பில் விழுகிறது. அந்த உயிரைக் கொல்ல முன்பு வாய்ப்பு வந்தபோதெல்லாம் இரக்கங்கொண்டு விட்டுவைத்தார்கள். வீரத்தால் ஆகாததை, என்றோ செய்து மறந்த இரக்கம் செய்து முடித்தது.

மோதிரம் அழிந்த நாளாக டோல்கீன் குறித்தது மார்ச் 25. அது கிறிஸ்து பிறப்பு அறிவிப்புப் பெருவிழா நாள். முதல் புனித வெள்ளி நிகழ்ந்த நாள் என்றும் பழைய மரபு அதைக் கருதியது. இருந்தும், தம் கதை ஓர் உருவகக் கதை அன்று என்று அவரே முன்னுரையில் மறுத்தார். பொருளைத் திணிப்பதைவிட, வாசகன் தன் வாழ்வோடு பொருத்திக்கொள்ள விடுவதையே அவர் விரும்பினார். கதையின் முடிவில் ஃப்ரோடோவின் காயம் முற்றிலும் ஆறுவதில்லை. தான் காப்பாற்றிய ஊரில் அவனால் நிம்மதியாக வாழ முடியவில்லை. உயிர்த்த ஆண்டவரின் உடலிலும் ஆணித் தழும்புகள் இருந்தன (யோவா 20:27). வெற்றி காயத்தை அழிப்பதில்லை என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை நல்ல கதையே.

நம் இளையோர் விரும்பி வாசித்த ஹாரி பாட்டர் வரிசையின் இறுதி நூல் 2007-இல் வந்தது. மந்திரப் பள்ளிக் கதை என்று பெற்றோர் பலர் அஞ்சிய அந்நூலில், இரு கல்லறைக் கற்களில் புதிய ஏற்பாட்டு வசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. ஒன்று செல்வம் இருக்குமிடத்தில் உள்ளம் இருப்பதைப் பற்றியது (மத் 6:21), மற்றொன்று கடைசிப் பகைவனாகிய சாவின் அழிவைப் பற்றியது (1 கொரி 15:26). இறுதியில் அச்சிறுவன் தன் மந்திரக்கோலை உயர்த்தாமல், தன்னவர்களுக்காகச் சாவை எதிர்கொள்ள நடந்து செல்கிறான். அஞ்சிய பெற்றோர் கடைசி அத்தியாயங்களைப் பிள்ளைகளோடு அமர்ந்து வாசித்திருந்தால், மறைக்கல்விக்கு ஒரு நல்ல மாலை வாய்த்திருக்கும்.

நற்செய்தியின் கடைசிப் பக்கம்

நல்ல முடிவுள்ள கதைகள் ஏழைக்கு ஊட்டப்படும் மயக்க மருந்து என்று குறை கூறுவோர் உண்டு. வயிற்றுப் பசிக்கு விடை தராமல் வானத்தைக் காட்டும் கதை அக்குறைக்கு உரியதே. ஆனால் நாம் பார்த்த முடிவுகள் எதுவும் விலையின்றிக் கிட்டவில்லை. ஒருவன் இரவெல்லாம் பிணம் சுமந்தான்; ஒருவன் விரலை இழந்தான்; ஒருவன் சாவை நோக்கி நடந்தான். விலை கொடுத்துப் பெறும் நம்பிக்கை மனிதனைத் தூங்கவைப்பதில்லை, நடக்கவைக்கிறது.

நம் மறைநூலின் முடிவுகளோ இன்னும் வியப்புக்குரியவை. மாற்கு நற்செய்தியின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளாகிய சினாய் ஏடும் வத்திக்கான் ஏடும் 16ஆம் அதிகாரத்தின் 8ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பின்வரும் வசனங்களையும் திருச்சபை இறைவார்த்தையாகவே ஏற்றுப் போற்றுகிறது. எனினும் அந்த எட்டாம் வசனத்தில் சற்று நின்று பாருங்கள். கல்லறை திறந்து கிடக்கிறது. பெண்கள் நடுங்கி ஓடுகிறார்கள். அச்சத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உலக வரலாற்றின் மிகப் பெரிய செய்தி முதலில் ஒரு மௌனமாகவே பூமியில் இறங்குகிறது. விடை தெரியாத இரவில் சுமை தோளில் தங்கியது போல, சொல்லுக்கு எட்டாத அதிகாலையில் உயிர்ப்பு அப்பெண்களின் நெஞ்சில் தங்கியது.

அதற்கு முந்திய வசனத்தில் வெண்ணுடை இளைஞர் அவர்களை அனுப்பும் இடம் எது? கலிலேயா! வலைகளை விட்டுச் சீடர்கள் முதன்முதலில் புறப்பட்ட அதே இடம். கடைசி அத்தியாயம் நம்மை முதல் அத்தியாயத்துக்கு அனுப்புகிறது. வேதாளமும் தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. சீடர்களும் தொடங்கிய இடத்துக்கே திரும்பினார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மரத்துக்குத் திரும்பிய அரசனுக்கு அங்குக் காத்திருந்தது ஒரு பிணம். கலிலேயாவுக்குத் திரும்பிய சீடர்களுக்கு முன்னே சென்று காத்திருந்தவர் உயிருள்ளவர்.

ஆகவே, குடியை விட்டவர் மீண்டும் விழுந்தார் என்றோ, ஒப்புரவானவர்கள் மீண்டும் பிரிந்தார்கள் என்றோ கேள்விப்படும்போது, வேதாளம் மரமேறிவிட்டது என்று கைவிரிக்குமுன் அக்கதையை முழுவதும் நினைவுகூர்வோம். அரசன் இருபத்து நான்காம் முறையும் நடந்தான். அவன் நடக்காமல் இருந்திருந்தால் அந்தக் கடைசி இரவு வந்திருக்காது. ஒப்புரவு அருளடையாளத்தை நாடி அதே பாவத்தோடு அதே இருக்கைக்கு மீண்டும் வரும் மனிதர் தோல்வியின் அடையாளம் அல்லர். அவர் இன்னும் நடந்துகொண்டிருக்கிறார். வழியில் அவருக்கு முன்னே செல்பவர் யார் என்பதை அவருக்கு நினைவூட்டுவதும், வேண்டும்போது வாய்மூடி அவரோடு உடன் நடப்பதும் நம் கடமை.